நாற்பத்தாறு பெயர்ப்பலகைகள்

படாரென்று கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது. அதன் மேலேயே துணை ஷெரீஃப் வெண்டல் மாரெஷும் விழுந்தார்.

சமையலறை மேஜையில் முட்டையும் பன்றிக்கறி வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆல்வின் கூப்கா, கையிலிருந்த முள்கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பூட்டலையே வெண்டல்," என்றார். "அறுபத்திரண்டாம் வருஷத்துல இருந்து அந்தக் கதவை நான் பூட்டினதே கிடையாது. கைப்பிடியைத் திருப்பியிருந்தா போதும்."

"போலீஸ்! யாரும் அசையாதீங்க!" என்று தரையில் கிடந்தபடியே வெண்டல் கத்தினார். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"யாரும்னா? இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"மூணு தடவை தட்டினேன் ஆல்வின்!"

"நாலு. நானும் உள்ள வான்னு சொன்னேன். வாயில முட்டை இருந்துச்சு, உனக்குக் கேட்டிருக்காது."

ஆல்வினுக்கு எண்பத்தோரு வயது. நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலையில் அவரிடம் பேச்சுக் கொடுக்க எல்லோருக்கும் பயம். கோபக்காரர் என்பதால் அல்ல. யார் எதைச் சொன்னாலும் அதிலுள்ள பிழையைத் திருத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதே எழுந்து, நோவாவின் பேழை எத்தனை முழம் என்று திருத்தியவர் அவர்.

வெண்டல் எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, பையிலிருந்த வாரண்டை எடுத்து உரக்கப் படித்தார்.

"சோதனையிட வேண்டிய இடம். தானியக் கிடங்கு இருந்த இடத்திலிருந்து வடக்கே இரண்டு மைல் சென்று, பள்ளிக்கூடம் எரிந்த மூலையில் இடதுபுறம் திரும்பி, ஓல்சனின் நாய் அடிபட்ட பாலத்தைத் தாண்டினால் வரும் பழைய விட்டெக் வீடு."

"பாலத்துல இல்ல. பாலத்துக்கு இந்தப் பக்கம், தபால் பெட்டிகிட்ட," என்றார் ஆல்வின்.

"எது?"

"நாய் அடிபட்டது."

அந்தத் தானியக் கிடங்கை இடித்து முப்பது வருடமாகிறது. பள்ளிக்கூடம் எரிந்தபோது வெண்டல் பிறக்கவில்லை. விட்டெக் குடும்பம் இந்த வீட்டை ஆல்வினுக்கு விற்றுவிட்டு ஆரெகனுக்குப் போய் அறுபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் மில்பர்ன் கவுண்டி என்ற இந்த மாவட்டத்தில் அது விட்டெக் வீடுதான். ஆல்வின் செத்து, அடுத்து ஒருவர் வாங்கிக் குடிவந்த பிறகுதான் அது கூப்கா வீடு ஆகும். வீட்டுக்குப் பெயர் வேண்டுமென்றால் அதைவிட்டு வெளியேற வேண்டும். ஊர் வழக்கம் அப்படி.

இந்த வழக்கத்தை ஒழிக்கத்தான் கவுண்டி நிர்வாகம் இரண்டு வருடத்துக்கு முன்பு மண்சாலைக்கெல்லாம் பெயர் சூட்டி, வீட்டுக்கெல்லாம் எண் கொடுத்து, மூலைக்கு மூலை பச்சை நிறத்தில் பெயர்ப்பலகை நட்டது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வழி தவறக்கூடாது என்பது எண்ணம். ஏரிக்கரைச் சாலை, தேவதாரு சாலை, வானம்பாடித் தெரு என்று தலைநகரில் உட்கார்ந்து யாரோ பெயர் வைத்தார்கள்.

ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பலகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி, எரியாத ஒரு கொட்டகையை ஒரு மணி நேரம் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. எரிந்த கொட்டகை தானாகவே எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகுதான் ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் ஒருநாள் ஆல்வினின் டிராக்டர் கொட்டகை திறந்திருந்ததைப் பார்த்தார். உள்ளே பச்சையாக ஏதோ மின்னியது. நேரே வெண்டலிடம் வந்து சொன்னார்.

வாரண்டைப் படித்து முடித்த வெண்டல் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். பலகைகள் அகர வரிசையில், தூசி துடைத்து, அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"ஏன் ஆல்வின்?"

"ஏரிக்கரைச் சாலைல ஏரி எங்க இருக்கு? ஐம்பத்தாறுலயே வத்திப்போச்சு. தேவதாரு சாலைல ஒரு தேவதாரு மரம் காட்டு பார்ப்போம். பொய்யை எழுதி ரோட்டு மூலைல நட்டு வச்சா, பார்த்துக்கிட்டு சும்மா..."

"போதும்! வாயை மூடுங்க!" வெண்டல் பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "நீங்க பேசாம இருக்கறதுக்கு உரிமை இருக்கு. பேசினா அது உங்களுக்கு எதிரா வரும். வக்கீல் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

எல்லாவற்றையும் விதிப்படி செய்கிறவர் வெண்டல். கோழிகள் முட்டையிடும் பெட்டியின் மூடிமேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பலகைகளை இரண்டு தரம் எண்ணி, கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை எழுதினார். 'பெயர்ப்பலகைகள் – 46.' விதிப்படி ஒரு நகலை ஆல்வினிடம் கொடுத்தார். ஆல்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னேன்," என்றார் வெண்டல்.

ஆல்வின் வாயை மூடிக்கொண்டார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

*

"வெண்டல், நீ எவ்வளவு பெரிய முட்டாள்?" என்று கேட்டார் அரசு வழக்கறிஞர் க்ரெய்க் ஹால்கிரென்.

ஆறு வாரம் கழிந்திருந்தது. வெண்டல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன கேள்வி இது?"

"திட்டலைப்பா. நிஜமாவே தெரிஞ்சாகணும். வழக்கே இதுல தொங்குது." ஹால்கிரென் வாரண்டைத் தூக்கிக் காட்டினார். அதன் ஓரத்தில் இலவங்கப்பட்டை ரொட்டியின் சர்க்கரைப் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. "இதுல தெருப் பேர் இல்ல, வீட்டு எண் இல்ல. நாய் அடிபட்ட கதை இருக்கு. இது வாரண்டே இல்லைன்னு எதிர்த்தரப்பு வக்கீல் மனுப் போட்டிருக்காங்க. கேஸ் ஜட்ஜ் டாலிவர் அம்மா முன்னாடி வருது. அவங்க வெளியூர். இந்த வாரண்ட் செல்லாதுன்னுதான் சொல்வாங்க."

"பலகையெல்லாம் ஆல்வின் கொட்டகைல இருந்தப்போ தெருப் பேரை நான் எங்க பார்த்து எழுதறது?"

"பதிவேடு ஆபீஸ்ல பார்த்திருக்கலாமேன்னு கேட்பாங்க."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்! ஆபீஸையே பூட்டிக்கிட்டு எல்லாரும் தீயணைப்பு நிலையத்துல சில்லிக் கறிக்குழம்பு விருந்துக்குப் போயிட்டாங்க!"

"தெரியும். அங்கதானே ஜட்ஜ் ஆர்வில்கிட்ட கையெழுத்து வாங்கினே? விருந்து ரொட்டிப் பாகு ஒட்டியிருக்கே." ஹால்கிரென் முன்னால் குனிந்தார். "வாரண்ட் செல்லாதுன்னா அதுல கிடைச்ச பலகையும் செல்லாது. பலகை இல்லேன்னா கேஸ் இல்ல. ஆனா ஒரே ஒரு வழி இருக்கு. அந்த வாரண்ட் சரியானதுதான்னு நீ நல்லெண்ணத்தோட, மனசார நம்பிப் போயிருந்தா, பலகை சாட்சியமா நிக்கும். தப்பு பண்ணினது நீதிபதி. போலீஸ்காரன் என்ன பண்ணுவான், பாவம்? அதான் சட்டம்."

"சரி, அப்படியே சொல்லிடலாம்."

"சொல்றது மட்டும் போதாது. சாதாரணப் பயிற்சி பெற்ற போலீஸ்காரன் ஒருத்தன் இதை நம்பியிருப்பானான்னு பார்ப்பாங்க. நம்ம கவுண்டில ரெண்டே போலீஸ்காரங்க. ஷெரீஃப் முழங்கால் ஆபரேஷன்ல படுத்திருக்கார். ஆக, சாதாரணப் போலீஸ்காரன் நீ ஒருத்தன்தான். நாய் அடிபட்ட பாலத்தை முகவரின்னு நம்பற அளவுக்கு நீ சாதாரணமா இருக்கணும்."

வெண்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர் வீட்டுப் புல்தரையில் ஒரு தேர்தல் அட்டை நின்றது. ஊர் முழுக்க இருநூறு அட்டைகள் நின்றன. அவர் மனைவி லொரெட்டா யோசித்து யோசித்து எழுதிய வாசகம் அது.

'ஷெரீஃப் பதவிக்கு வெண்டல் மாரெஷ். சட்டம் தெரிந்தவர்.'

பழைய ஷெரீஃப் ஓய்வு பெறுகிறார். பத்தொன்பது வருடமாக வெண்டல் காத்திருந்த நாற்காலி அது. எதிர்த்து நிற்பவர் டயர் கடைக்காரர் டுவெயின். அவருக்குச் சட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு இலவசமாகப் பஞ்சர் ஒட்டிக்கொடுத்திருக்கிறார். தேர்தல் செவ்வாய்க்கிழமை. விசாரணை அதற்கு முந்தைய வியாழக்கிழமை.

சட்டம் தெரியும் என்று கூண்டில் சொன்னால் வழக்குப் போகும். ஒரு கிழவரைக்கூடப் பிடித்துவைக்க முடியாதவன் என்று ஊர் சிரிக்கும். தெரியாது என்று சொன்னால் வழக்கு நிற்கும். இருநூறு அட்டைகளைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

"வெண்டல்," என்றார் ஹால்கிரென் மெதுவாக, "அந்த வாரண்ட் சரின்னு நீ நம்பினே இல்ல?"

வெண்டல் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

*

நீதிபதி டாலிவர் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தார். வழியில் பலகை எதுவும் இல்லாததால் மூன்று சோளக் கொல்லைகளைச் சுற்றிவிட்டு வந்திருந்தார். காலணியில் சேறு. முகத்தில் சிரிப்பில்லை.

நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. லொரெட்டா முதல் வரிசையில், 'சட்டம் தெரிந்தவர்' என்று எழுதிய வட்டச் சின்னத்தை மார்பில் குத்திக்கொண்டு அமர்ந்திருந்தாள். நீதிபதி முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னார்.

வாரண்டின் கதை பத்தே நிமிடத்தில் முடிந்தது. நீதிபதி அதை ஒரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"இது செல்லாது," என்றார். "அரசியல் சாசனம் இடத்தைக் குறிப்பாச் சொல்லணும்னு சொல்லுது. இதுல குறிப்பா இருக்கறது நாய் மட்டும்தான். மிச்சம் இருக்கறது நல்லெண்ணம். மிஸ்டர் ஹால்கிரென், உங்க சாட்சி."

வெண்டல் பைபிள்மேல் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார். ஹால்கிரென் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"போன அக்டோபர்ல, ஷ்மிட் வயல்ல, காக்கா விரட்டற வைக்கோல் பொம்மையைப் பார்த்து 'கையைத் தூக்கு'ன்னு துப்பாக்கியை நீட்டினது நீங்கதானே?"

"ஆமா. மூடுபனியா இருந்துச்சு."

"பொம்மையோட கை ஏற்கெனவே தூக்கித்தானே இருந்துச்சு?"

"அதனாலதான் சரணடைஞ்சிட்டான்னு நெனச்சேன்."

கூட்டம் சிரித்தது. டுவெயின் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எவ்வளவு நேரம் அப்படி நின்னீங்க?"

"ஒரு இருபது நிமிஷம்."

"முப்பத்தஞ்சு," என்றது ஒரு குரல். ஆல்வின்தான். "நான் வேலிகிட்ட நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் பக்கத்திலிருந்த வழக்கறிஞர் பிரிசில்லா ரௌஷ் அவர் கையை அழுத்திப் பிடித்தார். "ஆல்வின்! நான் என்ன சொன்னேன்?"

"வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொன்னே."

"அப்புறம்?"

"அவன் தப்பாச் சொல்றான்மா."

நீதிபதி மேஜையைத் தட்டினார். ஹால்கிரென் தொடர்ந்தார். ரோந்து வண்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிக்கொண்ட ஏழு சம்பவங்கள், தன் வண்டிக்கே தான் எழுதிய அபராதச் சீட்டு, பன்றி ஒன்றைத் துரத்திக்கொண்டு மேயரின் வரவேற்பறைக்குள் போனது என ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெண்டல் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றார். ஒவ்வொரு ஆமாவுக்கும் பத்து ஓட்டுப் போவது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. தன் தரப்பு வக்கீலே தன்னைக் கிழிக்கக் கிழிக்க, நன்றி சொல்ல வேண்டிய நிலை.

பிறகு பிரிசில்லா எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மிஸ்டர் மாரெஷ், உங்களைப் பார்க்கறதே எனக்குப் பெருமை. இந்த மாநிலத்தோட தலைசிறந்த அதிகாரிகள்ல நீங்க ஒருத்தர்னு சொன்னா மறுப்பீங்களா?"

"ஆட்சேபணை!" என்று ஹால்கிரென் துள்ளினார். "சாட்சியைப் புகழறாங்க!"

லொரெட்டா பிரிசில்லாவுக்குக் கை தட்டினாள். அது எதிர்த்தரப்பு வக்கீல் என்று பக்கத்திலிருந்தவர் நினைவூட்டியும் நிறுத்தவில்லை.

"கிராண்ட் ஐலண்ட்ல நடந்த பயிற்சில, சோதனைச் சட்டத்துல முதல் பரிசு வாங்கினது நீங்கதானே? ரோந்து வண்டில சட்டப் புத்தகம் வச்சுக்கிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துல படிக்கறவர் நீங்கதானே?"

"வந்து..."

"அடக்கம் வேண்டாம் சார்." பிரிசில்லா ஒரு பழுப்பேறிய தாளை எடுத்தார். "இது உங்க தேர்வுத் தாள். ஒன்பதாம் கேள்வி. முகவரி இல்லாத வாரண்டை என்ன செய்ய வேண்டும்? உங்க கையெழுத்துல பதில் இருக்கு. கொஞ்சம் படிங்க."

வெண்டல் படித்தார். "நீதிபதியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அதை வைத்துக் கதவை உடைக்கக் கூடாது."

"'எக்காரணம் கொண்டும்' கீழ என்ன இருக்கு?"

"ரெண்டு கோடு."

"பக்கத்துல?"

"வாத்தியார் நட்சத்திரம் போட்டிருக்கார்."

ஹால்கிரென் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். "யுவர் ஆனர், அது எட்டு வருஷத்துக்கு முந்தி எழுதினது! மனுஷன்னா மறப்பான். மறந்துட்டீங்க இல்ல வெண்டல்? மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

நீதிபதி டாலிவர் நாற்காலியைத் திருப்பி வெண்டலை நேராகப் பார்த்தார்.

"நானே கேட்கிறேன். இந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போனப்போ, இது செல்லும்னு நம்பினீங்களா?"

மறந்துட்டேன். ஒரே வார்த்தை. வெண்டலின் நாக்கு நுனியில் அது உட்கார்ந்திருந்தது. பைபிள்மேல் வைத்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். நல்லெண்ணத்தை நிரூபிக்க ஒரு பொய் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. இப்படி ஒரு கேள்வி தேர்வில் வந்திருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்தார். பதில் தெரிந்திருந்தது. இரண்டு கோடு போட்டே எழுதியிருப்பார்.

"மறக்கலை யுவர் ஆனர்," என்றார்.

ஹால்கிரென் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் சில்லி சாப்பிட்டுக்கிட்டிருந்த ஜட்ஜ் ஆர்வில்கிட்டப் போனேன். வீட்டு எண் இல்லையேன்னு நானே சொன்னேன். 'விட்டெக் வீடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆல்வினுக்கும் தெரியும், வேற யாருக்குத் தெரியணும்?'னு கேட்டு, ரொட்டியை ஒரு கைல வச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டார். தப்புன்னு தெரிஞ்சுச்சு. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்திருக்கணும். தேர்தல் வருதேன்னு அவசரப்பட்டுட்டேன்."

லொரெட்டா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டுவெயின் மட்டும் சந்தோஷமாக ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். ஓட்டாகத்தான் இருக்கும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் மாரெஷ், இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். 'தெரியாம பண்ணிட்டேன்'னு சொல்லாத போலீஸ்காரரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். உங்க நல்லெண்ணத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதனாலேயே இந்தச் சட்டம் கேட்கற நல்லெண்ணம் உங்ககிட்ட இல்லாமப் போயிடுச்சு. வேற வழி இல்ல."

அவர் சுருக்கெழுத்துக்காரரைப் பார்த்து, பதிவுக்காக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "எதிரி ஆல்வின் கூப்காவின் கொட்டகையிலிருந்து எடுக்கப்பட்ட நாற்பத்தாறு பெயர்ப்பலகைகளும் சாட்சியமாக ஏற்கப்படவில்லை."

"அப்போ என்கிட்ட வழக்கே இல்ல யுவர் ஆனர்," என்றார் ஹால்கிரென். "ஒரு பலகையும் காட்ட முடியாது. ஒரு சாட்சியும் இல்ல."

வெண்டல் கூண்டிலிருந்து இறங்கினார். தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் இருநூறு அட்டைகளைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும் என்று மனம் கணக்குப் போட்டது.

அப்போது பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ஆல்வின் எழுந்து நின்றிருந்தார். ஆறு வாரமாக அடக்கி வைத்த முகம் பீட்ரூட்டாகியிருந்தது.

பிரிசில்லா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உட்காருங்க ஆல்வின்! நாம ஜெயிச்சுட்டோம்!"

"ஜெயிச்சது சரிம்மா. ஆனா தப்பா எழுதிக்கறாங்களே."

"என்னவா வேணா எழுதட்டும்! வீட்டுக்குப் போகலாம்!"

"மிஸ்டர் கூப்கா," என்று நீதிபதி எச்சரித்தார். "நீங்க பேசணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. உங்க வக்கீல் சொல்றதைக் கேளுங்க. இங்க நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும்."

"பதிவாகட்டும்மா, அதுக்குத்தான் எழுந்தேன்," என்றார் ஆல்வின். "நாப்பத்தாறு இல்ல, நாப்பத்தேழு. வானம்பாடித் தெருப் பலகையைக் கழட்டிட்டு வந்து கோழிப்பெட்டிக்கு மூடியாப் போட்டிருக்கேன். சட்டம் தெரிஞ்ச இவன் அதும்மேல தொப்பியை வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு தரம் எண்ணினான்."